வாடகைக்கு ஒரு வாசல்

போன ஞாயிற்றுக்கிழமை செம்பூரில் ஒரு கல்யாண வரவேற்பு. என் கடைக்குப் பாத்திரம் சப்ளை செய்யும் மொத்த வியாபாரி தங்கராஜ் அண்ணாச்சியின் மகனுக்கு.

ஹால் வாசலில் ஆளுயரத்துக்கு மணமக்களின் கட்-அவுட். பக்கத்தில் பெரிய மீசை வைத்த ஒருவர். தலையில் மராட்டித் தலைப்பாகை, உடம்பில் சரிகை கோட்டு. என்னைப் பார்த்ததும் இடுப்பு வளையக் குனிந்து, "ஆயியே சார், ஆயியே… வெல்கம்!" என்றார்.

நான் பதறிப்போய் அவரைவிட அதிகமாகக் குனிந்தேன். சம்பந்தி வீட்டுப் பெரியவராக்கும் என்று நினைத்துவிட்டேன். போதாததற்கு அவர் கையைப் பிடித்து, "ரொம்ப சந்தோஷம்ங்க" என்று வேறு சொல்லிவிட்டேன்.

"என்னங்க, அவரு கேட்டரிங் ஆளு. கைய விடுங்க" என்று பேச்சி என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

பேச்சி என் மனைவி. வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு அவளை அறிமுகம் செய்யத் தேவையில்லை.

சரி, தங்கராஜ் அண்ணாச்சி எங்கே? மேடையில் இருந்தார். வெல்வெட் சோபாவில், பட்டு வேட்டி மடிப்புக் கலையாமல், போட்டோவுக்கு உட்கார்ந்தபடியே. காதில் ஒயர் மாட்டிய ஒரு பெண் அடிக்கடி வந்து அவர் தோளைத் தொட்டு ஏதோ சொல்லிவிட்டுப் போனாள். பிறகு தெரிந்தது — "அசையாதீங்க சார், ஃப்ரேம் கெட்டுடும்" என்று சொல்கிறாளாம்.

சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இரண்டு பேர் ஹாலை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"லைட்டுக்கு மட்டும் எவ்வளவு ஆயிருக்கும்ங்கீரு?"

"லைட்ட விடும் வே. அந்த யானையப் பாரும். துதிக்கைய ஆட்டுது!"

"அசலா?"

"தெர்மகோல். உள்ள மோட்டாரு."

"அப்பம் அசல் யானையே சல்லிசா முடிஞ்சிருக்கும் போலயே…"

எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் இதுதான் பேச்சு. எவ்வளவு ஆகியிருக்கும்? தாலி கட்டி முடிப்பதற்குள் வந்தவர்கள் பில் போட்டு முடித்துவிடுகிறார்கள்.

எனக்கு என்னவோ யானை மேல் கண் போகவில்லை. சாப்பிடும்போதும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை செலவு செய்த மனிதர், அந்த ஹாலிலேயே நல்ல இடத்தைச் சம்பளத்துக்கு ஒருவரிடம் கொடுத்துவிட்டாரே!

அந்த இடத்தில் நிற்க நான் காசு கொடுத்திருப்பேன்.

சிரிக்காதீர்கள். நான் கூச்சக்காரன் என்பது உங்களுக்குத் தெரியும். தாராவியில் எவர்சில்வர் கடை வைத்திருந்தும், வாடிக்கையாளர் விலை கேட்டால் அவர் முகத்தைப் பார்க்காமல் பாத்திரத்தின் அடியைப் பார்த்து விலை சொல்கிறவன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் இந்தப் பத்திரிகைக்கு எழுத ஆரம்பித்ததும் அதனால்தான் — எழுதினால் எதிரே ஆள் இருக்க மாட்டார் அல்லவா?

அப்படிப்பட்டவனுக்குக் கல்யாண வாசலில் நிற்க ஏன் ஆசை?

யோசித்துப் பாருங்கள். பெண்ணைப் பெற்றவன் வாசலில் நின்று என்ன பேச வேண்டும்? "வாங்க, வாங்க." அப்புறம், "சாப்பிட்டுத்தான் போகணும்." அவ்வளவுதான்! தொழில் எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டாம். அரசியல் பேச வேண்டாம். அடுத்து என்ன சொல்வது என்று உள்ளுக்குள் வியர்க்க வேண்டாம். இரண்டே வசனம். வருகிறவர் முகமெல்லாம் சிரிப்பு. கூச்சக்காரன் ஒருவனுக்கு ஊரே எழுதிக் கொடுத்த வேஷம் அது.

இன்னொன்றும் உண்டு.

எங்கள் வீடு தாராவியில் ஒரு சந்துக்குள் மாடியில் இருக்கிறது. ஏறுவதற்கு இரும்பு ஏணி. ஒருவர் இறங்கினால்தான் இன்னொருவர் ஏற முடியும். விருந்தாளி வந்தால் நான் கீழே இறங்கி ஒதுங்கி நின்று, "ஏறுங்க, தலை பத்திரம்" என்பேன். அவர் மேலே என் வீட்டில் இருப்பார். நான் கீழே தெருவில் இருப்பேன். வருகிறவரை நான் வழியனுப்புவதுபோலத்தான் வரவேற்க முடியும்.

எங்கள் மாதிரி ஆட்கள் கையில் இருப்பதையெல்லாம் போட்டு மண்டபத்தில் கல்யாணம் செய்தால், வீண் ஆடம்பரம் என்று எல்லோரும் புத்தி சொல்கிறார்கள். வீண்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதை வாங்குகிறோம் என்று யாராவது கேட்டார்களா? அகலமான ஒரு வாசல். நான்கு பேர் சேர்ந்தாற்போல் நுழையலாம். அதில் நடுவில் நின்று கை கூப்பலாம். ஒரே ஒரு நாள்.

மண்டப வாடகை என்று ரசீது போடுகிறார்கள். எனக்கு அது வாசல் வாடகை.

அந்த ஒரு நாளுக்காகக் கடையின் மேல்தட்டில் ஒரு பன்னீர்ச் சொம்பு எடுத்து வைத்திருந்தேன். நீளக் கழுத்தும் தலையில் சல்லடைக் கண்ணுமாய், வெள்ளி முலாம் பூசியது. மகள் அபிராமி காலேஜ் சேர்ந்தபோது தனியாக ஒதுக்கியது. யார் கேட்டாலும், "அது விக்கிறதுக்கு இல்ல" என்று பாத்திரத்தின் அடியைப் பார்க்காமலேயே சொல்லிவிடுவேன்.

இந்த வருட ஆரம்பத்தில் அபி ஒரு நாள் ராஜைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். ராஜ் மான்குர்த் பையன். நம்ம ஊர்ப் பக்கத்துக் குடும்பம்தான். ஏசி சர்வீஸ் கம்பெனியில் வேலை. இரண்டு பேருக்கும் பிடித்து, இரண்டு வீட்டிலும் சரி என்று சொல்லியாகிவிட்டது. தேதி பேச வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"அப்பா, டென்ஷன் எடுக்காதீங்க. நாங்க டிசைட் பண்ணிட்டோம். ரெஜிஸ்டர் மேரேஜ்."

"ஏம்மா… நம்ம ஆளுக எல்லாம்…"

"ஒரு நாளைக்கு எதுக்குப்பா ஃபால்து கர்ச்சா, வீண் செலவு? சான்பாடால ஒரு ஒன் பிஹெச்கே பாத்திருக்கோம். நீங்க கல்யாணத்துக்கு வெச்சிருக்கிறது, எங்க சேவிங்ஸ், ரெண்டும் சேந்தா டவுன் பேமெண்ட் ஆயிடும். மிச்சம் லோன். சாட்சிக்கு மூணு பேர் போதும். கெஸ்ட் யாரும் வேணாம். ஒருத்தர்கூட."

ராஜ் தரையைப் பார்த்துக்கொண்டே, "எங்க அம்மாவுக்கும் இதுதான் நிம்மதி மாமா" என்றார்.

அவள் சொன்னது அத்தனையும் நியாயம். சொந்த வீடு என்பது இந்த ஊரில் எவ்வளவு பெரிய விஷயம் என்று ஏணி ஏறி இறங்குகிற எனக்குத் தெரியாதா? சரி என்று தலையாட்டினேன். அவர்கள் போனபிறகு மேல்தட்டைப் பார்க்காமல் இருக்க, கடையைக் கொஞ்சம் சீக்கிரமாகவே அடைத்தேன்.

வீட்டில் பேச்சி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "புள்ள சொல்லுததுதான் சரி. வாயத் தொறந்தா நாலு வார்த்த வராது ஒங்களுக்கு. மண்டபம் புடிச்சு வாசல்ல நின்னு என்ன செய்யப் போறிய?"

அவளுக்கும் என் ஆசையைச் சொன்னதில்லை. யாருக்கும் சொன்னதில்லை.

கெஸ்ட் வேண்டாம், சரி. ஆனால் நெருங்கியவர்களிடம் சேதி சொல்ல வேண்டாமா? எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணச் சேதியை வெறுங்கையோடு போய்ச் சொல்லக் கூடாது. தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, குங்குமச் சிமிழ் வைத்துப் புருஷன் பெண்டாட்டி சேர்ந்து போக வேண்டும். ஃபோனில் சொன்னால் அது சேதியே இல்லை.

"நான் பேசுதேன். நீங்க பேசாம நில்லுங்க. அது ஒங்களுக்கு நல்லா வரும்லா" என்றாள் பேச்சி, ஏணியிலிருந்து இறங்கியதும்.

முதல் வீடு சுப்பையா அண்ணாச்சி வீடு. எங்கள் சந்தின் திருப்பத்தில் இருக்கிறார். இட்லி வியாபாரம். காலையில் சைக்கிளில் அலுமினியப் பானையைக் கட்டிக்கொண்டு மாட்டுங்கா வரை போய் வருவார்.

பேச்சி அழகாகச் சொன்னாள். பதிவுத் திருமணம், பிள்ளைகள் விருப்பம், ஆபீசில் இடம் கிடையாது, யாரையும் கூப்பிட முடியவில்லை, மனசார வாழ்த்துங்கள். அண்ணாச்சியின் மனைவி குங்குமத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

கிளம்பினோம். இங்கேதான் வந்தது வினை.

தாம்பாளத்தோடு ஒரு வீட்டுக்குப் போனால், கிளம்பும்போது புருஷன்காரன் வாசலில் நின்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதுவும் வழக்கம். சுப்பையா அண்ணாச்சி என் முகத்தையே பார்க்கிறார். "வரவேண்டாம்" என்பதைக் குங்குமம் கொடுத்த கையோடு எப்படிச் சொல்வது? நான் செருப்பை மாட்டினேன். கழற்றினேன். மறுபடி மாட்டினேன். பிறகு என் வாய் தானாகத் திறந்தது.

"குடும்பத்தோட வந்துரணும் அண்ணாச்சி."

"வராம? நம்ம வீட்டுக் கல்யாணம்லா வே!" என்றார் அவர்.

பேச்சி தாம்பாளத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சந்தில் வேகமாக நடந்தாள். மூலை திரும்பியதும் நின்றாள்.

"நான் அத்தன பேசுனதும் என்னத்துக்கு? ஏன் அப்படிச் சொன்னிய?"

"ஒரு வீடுதான பேச்சி…"

தாராவியில் ஒரு வீடு என்று எதுவும் கிடையாது. ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் இன்னொரு வீடு. போதாததற்கு நான் சொன்னது ஓர் இட்லி வியாபாரியிடம். சட்னியோடு சேர்த்து சேதியும் மாட்டுங்கா வரை பரிமாறப்பட்டுவிட்டது.

எனக்கு இது தெரிந்தது கடையில்தான்.

எங்கள் கடையில் பாத்திரம் வாங்கினால் பெயர் வெட்டிக் கொடுப்பது உண்டு. பேனா மாதிரி ஒரு மிஷின். கையில் பிடித்தால் அதிரும். பரிசுக்கு வாங்குகிறவர்கள் பெயரைச் சொல்லச் சொல்ல நான் வெட்டுவேன். ஒரு நாள் சுப்பையா அண்ணாச்சி வந்தார். ஷெல்ஃபை நோட்டம் விட்டார்.

"வே, நல்ல கனமா ஒரு கொடம் எடும். பேரு வெட்டணும்."

"யாரு பேரு அண்ணாச்சி?"

"யாரு பேரா? ஒம்ம மக பேருதான் வே! நல்லாக் கேட்டீரு போம்!"

மிஷினை எடுத்தேன். 'அபிராமி' என்று வெட்டினேன். எத்தனையோ மகள்களின் பெயரை வெட்டிய கை. அன்றைக்கு 'ரா'வில் கொஞ்சம் வளைந்துவிட்டது.

அதன்பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். குத்துவிளக்கு, ஹாட் பாக்ஸ், அண்டா. "பொண்ணுக்குக் குடுக்கதப் பொண்ணோட அப்பா கடையிலயே வாங்குதோம், ஒரு டிஸ்கவுண்ட் கிடையாதா அண்ணாச்சி?" என்று ஒரு தங்கச்சி கேலி செய்தாள். இங்கே பெயர் வெட்டி வைத்துவிட்டு, கல்யாணத்தன்று வந்து எடுத்துக்கொள்கிறோம் என்று எல்லோரும் ரேக்கில் விட்டுவிட்டுப் போனார்கள்.

ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்கலாம். "கல்யாணம் இல்லை, ரெஜிஸ்டர்தான், வரவேண்டாம்" என்று. ஏன் சொல்லவில்லை? பேச வராதவன் என்பது உண்மைதான். ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. அந்த நாட்களில் நான் ரொம்ப சந்தோஷமாக இருந்தேன்.

ஒரு சாயங்காலம் அபி ஆபீஸ் முடிந்து கடைக்கு வந்தாள். சார்ஜருக்கு இடம் தேடியவள், ரேக் முன்னால் நின்றுவிட்டாள்.

அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. இங்கிலீஷ் மீடியம். சின்ன வயதில் நான் சொல்லிக்கொடுத்ததில் தங்கியது அவள் பெயர் ஒன்றுதான்.

"அ… பி… ரா…" விரலை வைத்து வாசித்தாள். அடுத்த குடத்துக்குப் போனாள். "அ… பி…" அதற்கடுத்து அண்டா. அதில் விரல் வைக்கவே இல்லை. திரும்பி என்னைப் பார்த்தாள்.

"எத்தன பேரைக் கூப்பிட்டீங்க?"

"ஒருத்தரத்தான்."

"ஒருத்தரா? அப்பா, ரேக் ஃபுல்லா என் பேரு இருக்கு!"

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். குரல் இறங்கிவிட்டது.

"ராஜ் அம்மாக்குன்னு யாரும் இல்லப்பா. ராஜ் அப்பா தவறினதுக்கு அப்புறம் அவங்க சைட்ல ஒருத்தரும் வர்றதில்ல. எந்த விசேஷத்துக்குப் போனாலும் அவங்க ஓரமாப் போய் உக்காந்துக்குவாங்க. நீங்க ஒரு டெம்போ ஆளக் கொண்டாந்து இறக்கினா, அவங்க மாப்பிள வீடுன்னு ஒத்தையா வந்து நிக்கணுமா? எத்தன பேர் வந்தாங்கன்னு நம்ம ஆளுங்க எண்ணுவாங்க இல்ல? அதுக்குத்தானே யாருமே வேணாம்னு வெச்சோம்…"

"நீ செலவுன்னுதானம்மா சொன்ன?"

"செலவும்தான். ஆனா இத எப்படி வெளிய சொல்றது? அவங்களுக்குத் தெரிஞ்சா கஷ்டமா இருக்காதா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. நான் ஒரு வாசலைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் நுழைய வேண்டிய ஒருவரைப் பற்றி என் மகள் நினைத்திருக்கிறாள்.

"நான் சொல்லிருதேன்" என்றேன்.

"நீங்களா? போய்ச் சொல்லுவீங்களா?" அவளுக்கு நம்பிக்கையே இல்லை.

எனக்கும்தான். அழைப்பதற்குத் தாம்பாளம் உண்டு, குங்குமம் உண்டு. அழைத்ததைத் திரும்ப வாங்குவதற்கு எதை எடுத்துக்கொண்டு போவது? பேச்சியைக் கூப்பிட்டேன். "கூப்பிட்டது நீங்க. நீங்களே போங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெறுங்கையோடு போனேன். வாழ்நாள் முழுக்க ஒரு வாசலில் நின்று "வாங்க" என்று சொல்ல ஆசைப்பட்டவன், வாசல் வாசலாகப் போய் நின்று "வராதீங்க" என்று சொல்ல வேண்டியதாயிற்று.

எல்லா வீட்டிலும் என்ன நடந்தது தெரியுமா? நான் வாயைத் திறப்பதற்குள், "வாங்க அண்ணாச்சி, வாங்க! உள்ள வாங்க! இருந்து சாப்பிட்டுத்தான் போகணும்!"

என் வசனம். இரண்டும் என் வசனம்.

கடைசியாகத்தான் சுப்பையா அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. நான் சொன்னது காதில் விழாமல் அதை நிறுத்திவிட்டு மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடி சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"வே, ஒம்ம கல்யாணத்துல பந்தி வெளம்புனவன் நானு. ஒம்ம மக கல்யாணத்துக்கு வரக் கூடாதுங்கீரு?"

வேறு வழியில்லை. ராஜின் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். அண்ணாச்சி கையில் ஒட்டிய மாவைத் துடைத்தார். அவர் மனைவிதான் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

"அந்தம்மா தன்னந்தனியா வாறாவளாக்கும்… நாம எல்லாம் போய் நின்னா நல்லாருக்காது. விடுங்க."

"சரி வே. வரல" என்றார் அண்ணாச்சி. "பேரு வெட்டுன கொடத்த என்ன செய்ய? வேற யாருக்கும் குடுக்கவும் முடியாது. நீரே குடுத்திரும். இப்பம் உக்காரும். ரெண்டு இட்லி தின்னுட்டுப் போம்."

தின்றேன். வேறு என்ன செய்ய?

கல்யாணத்தன்று பாந்த்ரா பதிவு அலுவலகத்துக்கு நாங்கள் ஒரு டாக்ஸியில் போய் இறங்கினோம். நான், பேச்சி, அபி, அவள் தோழி. ராஜ் தன் நண்பரோடு ஏற்கெனவே வந்துவிட்டார். பேச்சி, தோழி, நண்பர் — சாட்சிக்கு மூன்று பேர் ஆயிற்று. என் கையெழுத்துகூடத் தேவைப்படவில்லை.

"இங்க நின்னு என்ன செய்யப் போறிய? கீழ போய் சம்பந்தி வாறாவளான்னு பாருங்க" என்றாள் பேச்சி.

ராஜின் அம்மா தேவ்நார் பக்கம் ஒரு தையல் யூனிட்டில் பட்டன் வைக்கிறார். மாதக் கடைசி, சரக்கு அனுப்பும் நேரம். காலையில் ஒரு எட்டுப் போய் முகம் காட்டிவிட்டு நேரே பஸ்ஸில் வந்துவிடுகிறேன், நீ முன்னால் போ என்று மகனை அனுப்பிவிட்டாராம்.

கேட்டில் போய் நின்றேன். குறுகலான கேட்தான். ஒரு பக்கம் ஜெராக்ஸ் கடை, மறுபக்கம் ஸ்டாம்ப் பேப்பர் விற்பவரின் மேஜை. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே என்ன இருந்தது என்று பேச்சிக்குத் தெரியாது.

எதிர் ஓரத்தில் ராஜின் அம்மா நின்றுகொண்டிருந்தார். அரக்குப் பட்டுச் சேலை. மார்போடு அணைத்துப் பிடித்த ஒரு துணிப்பை. ரோட்டைக் கடக்காமல் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே எவ்வளவு கூட்டம் என்று அளப்பதுபோல இருந்தது. எங்கள் சந்துச் சேதி அவர் காதுக்கும் போயிருக்குமோ என்னவோ… நான் கேட்கவில்லை.

பையிலிருந்து பன்னீர்ச் சொம்பை எடுத்தேன். ஸ்டாம்ப் பேப்பர்காரர் நிமிர்ந்து பார்த்தார். பார்க்கட்டும்.

சம்பந்தியம்மா ரோட்டைக் கடந்து வந்தார். நான் இரண்டடி முன்னால் போனேன். சொம்போடு சேர்த்துக் கை கூப்பினேன்.

"வாங்க சம்பந்தி… வாங்க, வாங்க."

குரல் நன்றாகவே வந்தது. எத்தனை வருட ஒத்திகை!

பன்னீரைத் தெளிக்கப்போனபோது அவர் சட்டென்று பின்னால் நகர்ந்தார். "எனக்கு எதுக்கு அண்ணே… நான் இப்படி ஓரமா…" என்றார்.

"எங்க வாசல்ல ஓரம் கிடையாதும்மா" என்றேன். இந்த வசனம் ஒத்திகையில் இல்லாதது. எங்கிருந்து வந்ததென்று இன்றும் தெரியவில்லை.

தெளித்தேன். கொஞ்சம் அதிகமாகவே விழுந்துவிட்டது. அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"யாரும் வரலையா அண்ணே?"

"நீங்க வந்துட்டியல்லா. எல்லாரும் வந்தாச்சு. இருந்து சாப்பிட்டுத்தான் போகணும்."

"கேசரி நான்தான் கிண்டிக் கொண்டாந்திருக்கேன்" என்று துணிப்பையைத் தூக்கிக் காட்டினார்.

மேலே கையெழுத்து முடிந்து ராஜ் தாலி கட்டும்போது, பேச்சி மெல்லக் குரவை விட்டாள். அடுத்த நொடி சம்பந்தியம்மாவும் சேர்ந்துகொண்டார். அந்த மனுஷியிடம் அப்படியொரு குரலா! வராந்தா முழுக்கக் கேட்டது. பியூன் ஓடிவந்து, "அரே மௌசி, யே ஆஃபீஸ் ஹை!" என்று இது ஆபீஸ் என்பதை நினைவூட்டினார். அவருக்கும் ஒரு கை கேசரி கொடுத்தோம். விரலை நக்கிக்கொண்டே போனார்.

என் கல்யாண வாசல் அவ்வளவுதான். ஒரே ஒரு ஆள் உள்ளே வந்தார்.

நிறைவாக இருந்ததா என்று கேட்டால்… அந்த நிமிடம் நிறைவாகத்தான் இருந்தது. சான்பாடாவில் இப்போது அவர்களுக்கு ஒரு வீடு இருக்கிறது. கதவு இருக்கிறது, காலிங்பெல் இருக்கிறது, நானும் பேச்சியும் சேர்ந்தாற்போல் நுழைகிறோம். குறை ஒன்றுமில்லை. பெயர் வெட்டிய குடங்கள் மட்டும் என் கடைப் பரணில் இருக்கின்றன. "இத்தன குடத்த இந்த வீட்டுல எங்கப்பா வைக்கிறது?" என்கிறாள் அபி. அதுவும் நியாயம்தான்.

ஆனாலும் மண்டப வாசல்களைத் தாண்டும்போது என் நடை கொஞ்சம் மெதுவாகத்தான் செய்கிறது. ஆசை என்பது ஒரு முறை சொன்னதும் கேட்டுக்கொள்கிற பிள்ளையா என்ன?

சரி, செம்பூருக்கு வருகிறேன்.

சாப்பிட்டுக் கிளம்பும்போது பேச்சிக்கு ரிட்டர்ன் கிஃப்ட் பையை நாற்காலியிலேயே விட்டுவிட்டது நினைவு வந்தது. எடுக்கப் போனாள். நான் ஹால் வாசலில் காத்திருந்தேன். தலைப்பாகைக்காரர் பாவம், எத்தனை நேரம்தான் நிற்பார்? முட்டியைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"அங்கிள், தோ மினிட். பானி பீக்கே ஆத்தா ஹூம்."

தண்ணீர் குடித்துவிட்டு வருகிறாராம். எதற்கு என்னிடம் சொன்னார்? முன்பு கையைப் பிடித்தேனே, அந்தப் பழக்கமாக இருக்கும்.

அவர் போன கையோடு ஒரு குடும்பம் வந்தது. புருஷன், பெண்டாட்டி, ஒரு சின்னப் பெண். அந்த மனிதர் கையில் பரிசுப் பெட்டியை வைத்துக்கொண்டு, உள்ளே போவதா வேண்டாமா என்று கட்-அவுட்டைப் பார்த்தபடி தயங்கினார். யாரையும் தெரியாத கல்யாணத்துக்கு வந்த முகம். எனக்கு அந்த முகத்தை நன்றாகத் தெரியும்.

வாசலின் நடுவுக்கு வந்தேன். நான்கு பேர் சேர்ந்தாற்போல் நுழையக்கூடிய வாசல்.

"வாங்க, வாங்க! சாப்பிட்டுத்தான் போகணும்."

அவர் முகம் மலர்ந்தது. "வாறோம் அண்ணாச்சி, வாறோம்" என்று உள்ளே போனார். அவருக்குப் பின்னால் இன்னொரு குடும்பம். அப்புறம் நாலைந்து ஆபீஸ்காரர்கள். நான் ஒருவரையும் விடவில்லை.

பேச்சி எவ்வளவு நேரமாகப் பின்னால் நின்று பார்த்தாளோ தெரியாது. "யாரு வீட்டுக் கல்யாணத்துக்கு யாரு வாங்கன்னு சொல்லுதது?" என்று காதருகில் சொன்னாள்.

மானம் போயிற்று. தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கப் போனேன்.

அவள் நகரவில்லை. கிஃப்ட் பையைத் தூண் ஓரமாக வைத்தாள். முந்தானையை இழுத்துச் சரிசெய்தாள். என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"வாங்க, வாங்க" என்றாள், வந்துகொண்டிருந்தவர்களைப் பார்த்து.

தலைப்பாகைக்காரர் தண்ணீர் குடித்துவிட்டு வரும்வரை நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே நின்றோம்.

என் மகளுக்குத் தமிழ் வாசிக்க வராது என்ற தைரியத்தில்தான் இத்தனையும் எழுதினேன்… மாப்பிள்ளைக்கு வருமா என்று இதுவரை கேட்கவில்லை.